ஃபேக்டர் ஒரு கட்டடத்தில், பல் நாற்காலி இன்னொரு கட்டடத்தில்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

‘ரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ள நோயாளிகளுக்கு இங்கு பல் சிகிச்சை அளிக்கப்பட மாட்டாது. உயர் சிகிச்சை மையத்தை அணுகவும்.’

எங்கள் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில், பல் பிரிவின் கதவில் இந்த இரண்டு வரியைக் கணினியில் அடித்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கீழே கையெழுத்து இல்லை, தேதி இல்லை, ஆணை எண் இல்லை. நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். எண்ணும் தேதியும் இல்லாத தாளை வைத்து எங்கள் அலுவலகத்தில் ஒரு பைசாகூட அசையாது. உங்கள் துறையில் அதே மாதிரித் தாளைக் காட்டி, கன்னம் வீங்கிய என் மகனைத் திருப்பி அனுப்ப முடிந்திருக்கிறது.

மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தத் தாளைக் கிழித்து, அங்கிருக்கும் டாக்டர் ஒருவரை வேறு ஊருக்கு மாற்றி, கோப்பை முடித்துவிடுவீர்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் என்ற மருந்தைப் போடும் வார்டுகளில் உட்கார்ந்து பேசிக்கொள்வது வழக்கம். மாவட்டம் மாறுகிறது, பதில் மாறுவதில்லை. சில இடங்களில் தாள் ஒட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் வாயால் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

என் மகனுக்கு 13 வயது. ஹீமோபிலியா ஏ, கடுமையான வகை. ரத்தம் உறைய வேண்டிய எட்டாம் ஃபேக்டர் அவன் உடம்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. என் தம்பிக்கும் இதே குறை. எங்கள் அம்மா வழியாக எனக்கும் அவனுக்கும் வந்து, என் வழியாக மகனுக்கு வந்தது. ஆக, இரண்டு தலைமுறை வாய்களை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இந்த நோயைப் பற்றிப் படிக்காமல் இந்த நோயோடு குடித்தனம் நடத்த முடியாது, அதனால் படித்தவள்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்: ரத்தம் நிற்காது என்ற பயத்தில் பல் டாக்டர்கள் சின்ன வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளித் தள்ளியே அது பெரிய வேலையாகிறது. ரத்தமே வராத வேலையை மறுத்துவிட்டு, ரத்தம் வந்தே தீரும் வேலைக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

என் மகனின் கீழ்க் கடைவாய்ப் பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதில் முளைத்து ஆயுளுக்கும் நிற்க வேண்டிய பல். அவன் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அதில் கரும்புள்ளி ஒன்றைப் பார்த்து, அட்டையில் ‘சொத்தை, பல் மருத்துவரிடம் காட்டவும்’ என்று எழுதிக் கொடுத்தது. அந்த நிலையில் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவையில்லை. சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துச் சிமென்ட் வைத்து அடைக்கலாம். இல்லையென்றால் சில்வர் டயமீன் ஃப்ளூரைடு என்ற சொட்டு மருந்தைத் தடவி, சொத்தை மேலே பரவாமல் நிறுத்தலாம். தடவிய இடம் கறுத்துவிடும், அது ஒன்றுதான் குறை. இரண்டிலும் ரத்தம் வராது, ஃபேக்டர் தேவைப்படாது. ஓ.பி. சீட்டில் ‘ஹீமோபிலியா’ என்ற சொல்லைப் பார்த்ததுமே டாக்டர் பேனாவை மூடிவிட்டார். வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அம்மா, இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். சென்னைக்கோ வேலூருக்கோ கூட்டிட்டுப் போங்க” என்றார்.

புள்ளி வைத்த சொத்தையை அடைக்க, தென்மாவட்டத்திலிருந்து இரவு பஸ் ஏறி வேலூர் போக வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே சொத்தைக்குத் தெருமுனை கிளினிக்கில் அரைமணி நேரத்தில் அடைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றபடி வந்தான்.

தனியார் கிளினிக்குகளும் மறுத்தன. நோயைச் சொன்னால் மறுப்பார்கள் என்பதால் சொல்லாமல் மறைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. அதன் ஆபத்து உங்களுக்குத் தெரியாததல்ல. கீழ்த்தாடையின் பின்பக்கம் நரம்பை மரத்துப்போக வைக்கப் போடும் ஊசியை ஃபேக்டர் ஏற்றாமல் போட்டால், ரத்தம் தொண்டைப் பக்கம் கசிந்து மூச்சுக்குழாயையே அடைக்கலாம். உண்மையைச் சொன்னவனுக்குக் கதவு மூடியிருக்கிறது. மறைத்தவன் நாற்காலியில் ஏறிவிடுகிறான், உயிரைப் பணயம் வைத்து.

இதற்கிடையே வீட்டுக்கு வருகிற யோசனைகள் வேறு. “பிரஷ் போட்டா ஈறு கிழியும், விரலாலேயே தேய்க்கச் சொல்லுங்க” என்று வெள்ளைக் கோட்டு போட்டவர்களே சொன்னார்கள். விரலால் தேய்த்தால் பல்லிடுக்கு அழுக்கு போகாது. அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும், வீங்கிய ஈறு தொட்டாலே கசியும். கசிவதைப் பார்த்துப் பயந்து இன்னும் மெதுவாகத் தேய்ப்பார்கள். என் தம்பி இந்த யோசனையைக் கேட்டே வளர்ந்தவன். 41 வயதில் அவன் வாயில் மெல்லுவதற்கென்று மிஞ்சியவை இடது பக்கத்துப் பற்கள் மட்டும். முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்னுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மகனின் பல்லுக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் அந்தப் புள்ளி பள்ளமாகி, பள்ளம் வேர் வரை போய், சீழ் கட்டிக் கன்னம் வீங்கிவிட்டது. இப்போது பல்லை எடுத்தே ஆக வேண்டும். எடுக்க ஃபேக்டர் வேண்டும். அவன் எடை 40 கிலோ. எட்டாம் ஃபேக்டரைக் கிலோவுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் அளவு இரண்டு சதவீதம் உயரும். 50 சதவீதம் வரை கொண்டுவர 1000 யூனிட் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. இதற்காக உங்கள் துறைக்கு நான் நன்றிக்கடன் பட்டவள், அதை மறைக்கவில்லை. என் தம்பியின் சிறு வயதில் இது கிடையாது. முட்டி வீங்கினால் ஐஸ் கட்டியும் அழுகையும்தான். அந்த முட்டிகள் இப்போது மடங்குவதில்லை.

ஃபேக்டர் இருக்கிறது. அது இருக்கும் இடம் பொது மருத்துவப் பிரிவு. பல் நாற்காலி இருப்பது வேறு கட்டடம். நடுவில் ஒரு சாலை, ஒரு சைக்கிள் ஸ்டாண்ட், அப்புறம் யாருமே கடக்க விரும்பாத ஏதோ ஒன்று. பல் டாக்டர் பொது மருத்துவரிடம் ‘கருத்துரை’ கேட்டு எழுதுகிறார். பொது மருத்துவர் ‘ஃபேக்டர் ஏற்றிய பின் பல் எடுக்கலாம்’ என்று எழுதுகிறார். காகிதத்தில் எல்லாம் சரி. ஃபேக்டர் கேட்டு இன்டென்ட் எழுதி, கையெழுத்து வாங்கி, மருந்தகத்து ஃபிரிட்ஜ் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, ஊசி ஏறி முடியும்போது பன்னிரண்டு மணி நெருங்கிவிடுகிறது. பல் ஓ.பி. பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். மகனைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினால், “ஏம்மா, டாக்டர் கிளம்பிட்டாரே, நாளைக்குக் காலையில வாங்க” என்கிறார் வாசலில் இருப்பவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாளைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். எட்டாம் ஃபேக்டர் ஏற்றிய எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். மறுநாள் காலையில் மீண்டும் பாதி. பல் எடுப்பதென்றால் ஏற்றி முடித்த அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் கை வைக்க வேண்டும். அன்றைக்கு மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய 1000 யூனிட் ஃபேக்டர், என் மகனின் உடம்பில் எந்த வேலையும் இல்லாமல் கரைந்து போனது. இந்தக் கணக்கை எந்தத் தணிக்கையும் பிடிக்காது. பதிவேட்டில் ‘நோயாளிக்கு ஃபேக்டர் ஏற்றப்பட்டது’ என்றுதான் இருக்கும்.

அந்த வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, உடைந்த பல்லின் கூர்மை குத்தி ஈறு கசிய ஆரம்பித்தது. வாய்க்குள் வருகிற ரத்தம் மற்ற இடத்து ரத்தம் மாதிரி இல்லை. உறைந்த கட்டியை எச்சிலே கரைத்துவிடும். மேலே மேலே அரைகுறையாக உறைந்து, கறுஞ்சிவப்பாக, தொட்டால் தளதளவென்று ஆடும் ஆட்டு ஈரல் துண்டு மாதிரி ஒன்று பல்லை மூடிக்கொண்டு வளரும். ரத்தம் நின்றுவிட்டதாக நினைக்கத் தோன்றும். அதன் அடியில் கசிந்துகொண்டேதான் இருக்கும். தூக்கத்தில் விழுங்கியதெல்லாம் விடிகாலையில் கறுப்பு வாந்தியாக வரும்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் காய்ந்த பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். பஞ்சை எடுக்கும்போதெல்லாம் கட்டியும் அதோடு பிய்ந்து வந்தது. என் தம்பி கூட வந்திருந்தான். மடங்காத காலைப் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்தபடி, “சார், டிரானெக்ஸாமிக் மாத்திரை இருக்கா? ஐந்நூறு மில்லிகிராம்?” என்று கேட்டான். அவசரப் பிரிவில் இல்லை. “பிரசவ வார்டுல இருக்கும் சார், கேட்டுப் பாருங்க” என்றான். இருந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த மாடியில் வைத்திருக்கும் அதே மருந்து. செவிலியர் அக்கா ஒருவர் ஓடிப்போய் ஸ்டிரிப்போடு எடுத்து வந்தார். தம்பி ஒரு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சிரிஞ்சில் பத்து மில்லி தண்ணீர் அளந்து கரைத்தான். ஐந்து சதவீதக் கரைசல் தயார். அவன் சொல்லச் சொல்ல டாக்டர் அந்த ஈரல் கட்டியை முழுக்க வழித்து எடுத்தார். காஸ் துணியை மடித்துக் கரைசலில் நனைத்து ஈறின் மேல் வைத்து அழுத்திக் கடிக்க வைத்தார். “மாப்ளே, துப்பாத. துப்பினா நிக்கவே நிக்காது. எச்சி ஊறினா முழுங்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான் தம்பி. மெல்ல மெல்லக் கசிவு அடங்கியது. காலையில் ஃபேக்டரும் ஏற்றினார்கள்.

இந்த மருந்து 1962-இல் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியர் உலகுக்குத் தந்தது. காப்புரிமை எப்போதோ தீர்ந்து, நம் ஊர்க் கம்பெனிகளே தயாரிக்கிற மலிவு மாத்திரை. சிறுநீரில் ரத்தம் போகும்போது கொடுக்கக் கூடாது போன்ற சில எச்சரிக்கைகள் உண்டு, அவற்றையும் தம்பி ஒப்பிப்பான். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நள்ளிரவில் நோயாளியின் தாய்மாமன் சிகிச்சை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இளம் டாக்டர் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டார், அவருக்கு என் மரியாதை. எல்லா மகனுக்கும் இப்படி ஒரு மாமா அமைவதில்லையே ஐயா.

பல் கடைசியில் வேறொரு மாவட்டத்தில் எடுக்கப்பட்டது. அங்கும் அரசு மருத்துவமனைதான். வசதியில் எங்கள் ஊரைவிட ஒன்றும் பெரிதில்லை. அங்கிருந்த பல் டாக்டர் முந்தின நாளே தன் கைபேசியிலிருந்து பொது மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசி வைத்தார். காலை எட்டு மணிக்கு ஃபேக்டர் பல் பிரிவுக்கே வந்தது, நாற்காலியில் உட்கார வைத்தே ஏற்றினார்கள். ஒன்பதுக்குள் பல் வெளியே. குழியில் ஜெலட்டின் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே இரண்டு தையல். டிரானெக்ஸாமிக்கில் நனைத்த காஸ். ஒரு வாரத்துக்குக் கரைசலால் வாய் அலசல், ஆறிய கஞ்சி, ஸ்டிரா போட்டு உறிஞ்சக் கூடாது, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். அன்று மாலை வரை வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தலையணையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. இரண்டு மருத்துவமனைக்கும் இடையிலிருந்த வித்தியாசம் கருவியோ பணமோ அல்ல. ஒரு தொலைபேசி அழைப்பு.

ஒருவருடைய நல்ல மனசை நம்பி ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறை நடக்கக் கூடாது. நாளைக்கு அந்த டாக்டருக்கு மாற்றல் வந்தால் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் எங்களோடு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கேட்பதே இல்லை. ஹீமோபிலியா ஆண்களின் நோய், பெண் வெறுமனே கடத்துகிறவள் என்று பாடத்தில் படித்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடத்துகிற பெண்களில் பலருக்கு ஃபேக்டர் அளவு பாதிக்கும் கீழே இருக்கும். எனக்கும் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. ஞானப் பல் எடுக்கப் போனபோது குடும்பத்தில் இந்த நோய் இருப்பதைச் சொன்னேன். “பி.டி., சி.டி. பார்த்துடலாம்மா” என்றார்கள். பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம். விரல் நுனியில் குத்தி ஒற்றிப் பார்க்கிற அந்தப் பழைய சோதனைகள். இரண்டும் நார்மல். பல்லை எடுத்தார்கள், நான் நாள்கணக்கில் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு சங்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஹீமோபிலியாவில் பிளீடிங் டைம் நார்மலாகத்தான் இருக்கும். மிதமான, லேசான வகையில் கிளாட்டிங் டைமும் நார்மலாகவே காட்டும். காட்டிக்கொடுக்க வாய்ப்புள்ளது ஏ.பி.டி.டி. என்ற, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை ஆய்வகத்தில் அளக்கும் சோதனை. லேசான குறையில் அதுவும் தப்பவிடும், ஃபேக்டர் அளவையே பார்க்க வேண்டும். ஆனாலும் தமிழ்நாட்டின் பல் கிளினிக்குகளில் ‘பி.டி., சி.டி. நார்மல்’ என்ற சீட்டுக்கு இன்னும் தாயத்துக்குள்ள மரியாதை. அந்தச் சீட்டைவிடப் பயனுள்ளது காசில்லாத மூன்று கேள்வி: முன்பு பல் எடுத்தபோது ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆனது? மாதவிடாய் அதிகமா? வீட்டில் யாருக்காவது அடிபட்டால் ரத்தம் நிற்காமல் போவதுண்டா? வான் வில்லிபிராண்ட் என்ற, ரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதத்தில் குறைபாடு உள்ள பெண்களும், சொந்தத்தில் கல்யாணம் செய்கிற நம் ஊர்க் குடும்பங்களில் அதிகம் தென்படும் கிளான்ஸ்மன் தட்டணுக் குறை உள்ள பிள்ளைகளும் பல நேரம் முதலில் ஈறு ரத்தத்தோடுதான் டாக்டரிடம் வருகிறார்கள். அதாவது, நோயை முதலில் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவரே பல் டாக்டர். அவரோ கதவில் தாள் ஒட்டியிருக்கிறார்.

பல்வலி என்று போனால் இடுப்பில் ஊசி போட்டு அனுப்பும் பழக்கமும் நம்மிடம் உண்டு. எங்களுக்குத் தசையில் ஊசி போட்டால் அந்தத் தசைக்குள்ளேயே ரத்தம் கட்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் ஆகாது. மருந்துக் கடையில் பல்வலி என்றதும் கை போவது இவற்றை நோக்கித்தான்.

தம்பியின் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஃபேக்டர் கிடைக்காத காலத்தில் அவனுக்கு ஏற்றியது, பிறர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவும் கிரையோவும். ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமாகாத காலம் அது. அந்த வைரஸும் சேர்ந்து ஏறியது. இப்போதிருக்கும் மாத்திரைகளால் குணமாகி வருடங்களாகிவிட்டன. பழைய சீட்டில் அந்த வரி மட்டும் அழியவில்லை. அதைப் படித்ததும் கையுறையைக் கழற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிகிச்சை கேட்டு வந்தவனிடம், சிகிச்சையால் வந்த நோயைக் காட்டி மறுப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. 1934-லேயே லண்டனில் மக்ஃபர்லேன் என்ற மருத்துவர், கண்ணாடி விரியன் நஞ்சை மிக நீர்க்கக் கரைத்து ஹீமோபிலியா உள்ளவர்களின் ரத்தத்தை உறைய வைக்க முடியும் என்று காட்டினார். பல் பிடுங்கிய குழியில் அதை வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். நம் வயல் வரப்பில் கிடக்கிற பாம்பு! அவ்வளவு தூரம் யோசித்தவர்கள் இருந்த உலகத்தில், மாடி வார்டிலிருந்து கீழ் வார்டுக்கு ஒரு மாத்திரை இறங்கி வர இவ்வளவு தயக்கம். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் மூன்றாவது சிகிச்சை வழிகாட்டி 2020-இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் அலோக் ஸ்ரீவஸ்தவா, அப்போது நம் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த மருத்துவர். முதல் பல் முளைக்கும்போதே, அதிகபட்சம் ஒரு வயதுக்குள், குழந்தையைப் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும், ஒரு நாளைக்கு இரண்டு முறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வேலூரிலிருந்து உலகத்துக்கே போன வழிகாட்டி எங்கள் மாவட்டத்துப் பல் பிரிவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியா தனியாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதன் 25-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பிடத்துக்கு அருகிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றும், கவனிப்பில் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. என் மகனிடம் அரசு கொடுத்த அடையாள அட்டை இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் அந்த அட்டைக்குக் கிடைத்த ஒரே முன்னுரிமை, மற்றவர்களுக்கு முன்னால் அவனைத் திருப்பி அனுப்பியதுதான்.

பல் டாக்டர்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. தனியாக ஒரு நாற்காலியும் ஒரு உதவியாளரும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வரிசையைச் சமாளிக்கிறவர், ரத்தம் நிற்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பயப்படுவது நியாயம். யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுக்க வேண்டியது உங்கள் துறையின் வேலை. ஆகவே என் கோரிக்கைகளை உங்களிடமே வைக்கிறேன்.

அந்தத் தாளை எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் அகற்றச் சொல்லி எண்ணும் தேதியும் கையெழுத்தும் உள்ள சுற்றறிக்கை அனுப்புங்கள். பரிசோதனை, ஊசியில்லாமல் அடைத்தல், ஃப்ளூரைடு தடவுதல், ஈறுக்கு மேலே உள்ள காரையைச் சுத்தம் செய்தல் போன்றவற்றை ரத்தக் குறைபாட்டைக் காரணம் காட்டி எந்த அரசுப் பல் பிரிவும் மறுக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

ஃபேக்டர் வழங்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள், பல் பிரிவின் முதல் இடத்தை எங்களுக்கு ஒதுக்குங்கள். முந்தின நாளே இன்டென்ட் போட்டு, காலையில் ஃபேக்டர் பல் பிரிவுக்கு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் ஏற்றப்பட வேண்டும். நோயாளி சாலையைக் கடந்து ஓடக் கூடாது, மருந்து கடந்து வரட்டும். இதற்குப் பொறுப்பான பல் மருத்துவர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர், இருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் அதே கதவில் ஒட்டப்பட வேண்டும். ஒருவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் பெயர் அன்றே ஏற வேண்டும்.

எதிர்ப்பான் உருவாகி ஃபேக்டர் வேலை செய்யாத பிள்ளைகளை உள்ளூரில் வைத்துப் பல் எடுக்க முடியாது, உண்மை. அவர்களை அனுப்பும்போது ‘உயர் சிகிச்சை மையம்’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், எந்தத் தேதி என்று பேசி உறுதி செய்து எழுதிக் கொடுங்கள்.

டிரானெக்ஸாமிக் மாத்திரையும் ஜெலட்டின் ஸ்பாஞ்சும் பல் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் எப்போதும் இருக்க வேண்டும். வாய் ரத்தத்துக்கு என்ன செய்வது என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு அவசரப் பிரிவுச் சுவரில் மாட்டுங்கள்.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சி மருத்துவர்கள் ஃபேக்டர் போடும் வார்டில் ஒரு வாரமாவது வேலை செய்ய ஏற்பாடு செய்யுங்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் மூலம் பயிற்சி கொடுங்கள். பி.டி., சி.டி. சீட்டை மட்டும் நம்பிப் பல் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, அந்த மூன்று கேள்விகளை ஓ.பி. சீட்டிலேயே அச்சிடுங்கள்.

ஃபேக்டர் பெறும் ஒவ்வொரு குழந்தையின் சிகிச்சைப் புத்தகத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை என்ற பக்கம் சேர்க்கப்பட வேண்டும். அந்தக் குழந்தையின் அம்மா, அக்கா, தங்கை எல்லோருக்கும் ஒருமுறையாவது ஃபேக்டர் அளவு பார்க்க வேண்டும்.

எத்தனை பேருக்குப் பல் சிகிச்சை செய்யப்பட்டது, எத்தனை பேர் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள், என்ன காரணத்தால் என்ற விவரத்தை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலில் எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹீமோபிலியா உள்ள மாணவனின் அம்மா, ஹீமோபிலியா உள்ளவனின் அக்கா,
கூட்டுறவுக் கடன் சங்க எழுத்தர்

நகல்: முதல்வர்கள், அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள், தலைவர், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர்